கரிசற் களிமண்ணும் மேய்ச்சல் தரையும்

விருதுநகர் ஜில்லாவின் நிலங்களுள் பெரும்பகுதி மானாவாரிக் கரிசல் என்பது யாவரும் அறிந்ததே. சாத்தூர், விருதுநகர், அருப்புக்கோட்டை, காரியாபட்டி, திருச்சுழி, வெம்பக்கோட்டை ஆகிய தாலுக்காக்களில் கண்ணுக்கெட்டிய தூரம்வரை இக்கருநிலமே பரந்து கிடக்கிறது. மேற்கே மலையடிவாரமாகிய ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்பு பக்கங்களில் செம்மண்ணும் வண்டலும் மிகுதி. சிவகாசியைச் சுற்றிய பூமியில் இவ்விருவகையும் கலந்து காணப்படும். பருத்தியும் சோளமும் கம்பும் உளுந்தும் விளையும் மண்ணென்றே கரிசல் நெடுங்காலமாய்ப் பேசப்பட்டு வருகிறது. ஆடுமாடுகள் மேயும் தரையாக அதனை எண்ணி, அதன் குணங்களை ஆராய்ந்து, அதற்கேற்ப நடத்துவோர் மிகச் சிலரே.

இவ்விஷயத்தைக் கவனிக்கவேண்டிய காலம் இதுவே. 1923-ஆம் வருஷம் சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் தொடங்கியது. 1940-க்குப் பின் பட்டாசுத் தொழிலும் அங்கு ஓங்கி வளர்ந்தது. மழையை மட்டும் நம்பியிருந்த குடும்பங்களுக்கு இத்தொழில்கள் கூலி தந்து காப்பாற்றின என்பதில் ஐயமில்லை. ஆயினும், தீபாவளிக்கு முந்திய மாதங்களில் ஆலைகளில் வேலை மிகும். கரிசலில் உழவும் விதைப்பும் நெருங்குவதும் அம்மாதங்களிலேயே. ஆகவே ஆட்கள் கிடைக்காமையாலும், மழை பொய்ப்பதாலும், விளைந்த பொருளுக்கு விலை தாழ்வதாலும் பல புஞ்சைகள் தரிசாக விடப்பட்டிருக்கின்றன. தரிசாக விடப்பட்ட கரிசல் தானே நல்ல புல்வெளியாகிவிடும் என்று சிலர் கருதுகின்றனர். அஃது அவ்வாறு ஆவதில்லை. கவனிப்பாரற்ற கரிசல் சில வருஷங்களிற் சீமைக்கருவேற் காடாகும். அல்லது மேல்மண் அரித்து ஓடைகள் விழுந்து பாழ்படும். கவனித்தால் ஆட்டு மந்தைக்கு ஆதாரமான புற்றரையாகும். இவற்றுள் எது நேருமென்பது, நிலமுடையோர் இம்மண்ணின் சுபாவத்தை எவ்வளவு அறிந்திருக்கின்றனர் என்பதைப் பொறுத்தது.

களி என்பது யாது?

மண்ணிலுள்ள துகள்களுள் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு பங்குக்கும் குறைந்த பருமனுள்ளவை களி எனப்படும். ஆழமான கரிசலில் நூற்றுக்கு 40 முதல் 60 பங்கு வரை இத்தகைய களித்துகளே உண்டு. அன்றியும் கரிசலிலுள்ள களி ஒரு தனி வகையைச் சேர்ந்தது. மாண்ட்மோரில்லனைட் என வழங்கும் இக்களி, புத்தகத்தின் ஏடுகள் போல மெல்லிய தகடுகள் அடுக்கிய அமைப்புடையது. மழை பெய்தால் ஏடுகளின் இடையே நீர் புகுந்து அடுக்கு விரிகிறது. வெயில் காய்ந்தால் நீர் வெளியேறி அடுக்கு சுருங்குகிறது. மண் பொங்குவதும், சித்திரை வைகாசியில் கை நுழையும் அளவு வெடிப்பதும் இக்காரணத்தாலேயே.

வெடிப்புகளுள் மேல்மண் உதிர்ந்து விழுகிறது. அடுத்த மழையில் அடிமண் விரிந்து, இடமின்றி மேல்நோக்கித் தள்ளுகிறது. இவ்வாறு பல்லாண்டுகளில் மேல்மண் கீழும் கீழ்மண் மேலுமாகச் சுழல்கிறது. இதுபற்றியே மண்ணூலார் இவ்வகை மண்ணுக்கு, திரும்புதல் என்னும் பொருளுள்ள இலத்தீன் சொல்லினின்றும் வெர்ட்டிசால் எனப் பெயரிட்டனர். தன்னைத்தானே உழுதுகொள்ளும் மண் என்றால் குடியானவர்க்கு எளிதில் விளங்கும். வேலிக்கல் சாய்வதும், கரிசலிற் கட்டிய சுவர் பிளப்பதும் இதே சுழற்சியின் விளைவு.

நிறம் கறுப்பாயிருப்பதால் இம்மண்ணில் மக்கிய சத்து மிகுதி என்று எண்ணுவது தவறு. பெரும்பாலான மானாவாரிக் கரிசல்களில் அங்ககக் கரிமம் நூற்றுக்கு அரைப் பங்குக்கும் குறைவே. சிறிதளவு மக்கும் களியுடன் இறுகப் பிணைந்திருப்பதே கருமைக்குக் காரணம். சுண்ணாம்புச் சத்து மிகுதி; அடியிற் சுக்கான் கற்கள் காணப்படும். மண் காரத்தன்மையுடையது, அதன் பி.எச். எண் பெரும்பாலும் 8 முதல் 8.7 வரை நிற்கும். சாம்பல் சத்து தாராளமாய் உண்டு. தழைச்சத்தும் மணிச்சத்தும் துத்தநாகமும் போதா.

கரிசலின் பெருமை அதன் நீர்ப்பிடிப்பில் உள்ளது. ஒரு மீட்டர் ஆழக் கரிசல், பயிர் எடுத்துக்கொள்ளத்தக்க நீராகச் சுமார் 150 மில்லிமீட்டர் மழையைத் தன்னுள் வைத்துக்கொள்ளும். ஓர் ஏக்கருக்குக் கணக்கிட்டால் இது சுமார் 6 லட்சம் லிட்டர் ஆகும். ஜில்லாவில் வருஷ மழை சராசரி 800 மில்லிமீட்டர் அளவே. அதிற் பாதியளவு ஐப்பசி கார்த்திகையை ஒட்டிய வடகிழக்குப் பருவத்திற் கிடைக்கிறது. அம்மழை நின்ற பின்னும் தை மாசி வரை பசுமை தங்குவது இந்நீர்ப்பிடிப்பினாலேயே. ஆயினும் ஒரு குறையும் உண்டு. வெடிப்பு திறந்திருக்கும்போது விழும் முதல் மழை வெகு வேகமாய் உள்ளிறங்கும். மண் பொங்கி வெடிப்பு மூடியபின் விழும் மழை உள்ளிறங்குவது மிக அரிது. அந்நீர் மேலோடிச் செல்லும்போது, மேலே புல் மூடியிருந்தாலன்றி மண்ணையும் உடன் கொண்டுபோகும். வைப்பாறும் அர்ச்சுனா நதியும் மழைக்காலத்திற் கலங்கி ஓடுவதும், வெம்பக்கோட்டை, இருக்கன்குடி அணைகளில் வண்டல் சேர்வதும் இவ்விழப்புக்குச் சாட்சி.

குளிர்ந்த மேட்டு நிலங்களின் களி

மேய்ச்சல் தரையைப் பற்றிய நூல்கள் பலவும் குளிர்ந்த, உயர்ந்த தேசங்களின் களிநிலங்களை முன்வைத்து எழுதப்பட்டவை. அவற்றின் விதிகளை அப்படியே இங்குக் கைக்கொள்ளலாகாது. முற்றிலும் தள்ளிவிடவும் ஆகாது. ஆதலின் ஒற்றுமை வேற்றுமைகளை அறிதல் நலம்.

தமிழ்நாட்டிலேயே குளிர்ந்த மேட்டுப் புல்வெளிக்கு நீலகிரி சிறந்த உதாரணம். உதகமண்டலம் கடல்மட்டத்திற்கு மேல் 2,200 மீட்டருக்கும் அதிக உயரத்தில் உள்ளது. தொட்டபெட்டா சிகரம் 2,637 மீட்டர் உயரமுடையது. மார்கழி தை மாதங்களில் பள்ளங்களில் உறைபனி விழும். தோதவர்களின் எருமைகள் நூற்றாண்டுகளாக மேய்ந்த அப்புல்வெளிகளின் மண்ணிலும் களி மிகுதியே. எனினும் அது கரிசற் களிபோன்றதன்று. மிகுந்த மழையால் சுண்ணாம்பு கரைந்தோடி மண் புளிப்புத் தன்மை அடைந்திருக்கிறது. ஏடு விரியும் களிக்குப் பதிலாகக் கயோலின் வகைக் களியும், இரும்பு, அலுமினியம் சேர்ந்த பொருள்களும் நிறைந்துள்ளன. குளிரினால் இலைதழைகள் மெதுவாகவே மக்குவதால் மேல்மண்ணில் மக்கு மிகுதியாய்ச் சேர்ந்து கறுத்திருக்கும். அதன் கீழே செம்மண் தோன்றும். அம்மண் பொங்குவதில்லை; வெடிப்பதுமில்லை.

இரண்டும் கறுப்பு, இரண்டும் களி. ஆயினும் ஒன்றின் கருமை மக்கின் செல்வம், மற்றொன்றின் கருமை வெறும் பிணைப்பின் தோற்றம். மலைமண்ணுக்குச் சுண்ணாம்பு இடுவது மருந்து. கரிசலுக்குச் சுண்ணாம்பு இடுவது வீண் செலவு. மலையில் மக்கு தானே தங்கும்; கரிசலில் உஷ்ணத்தால் விரைந்து அழியும். ஆகவே இங்கு வருஷந்தோறும் எருவும் வேரும் சேர்ந்துகொண்டே இருத்தல் வேண்டும்.

மூன்றாவது வகையொன்று உண்டு. அமெரிக்காவின் மேற்கிலுள்ள வயோமிங், மொன்டானா முதலிய உயர்ந்த வறண்ட பிரதேசங்களில் கரிசலைப் போலவே பொங்கிச் சுருங்கும் களி நிலங்கள் கால்நடைகளின் மேய்ச்சலாக இருக்கின்றன. அங்குக் குளிர்காலத்தில் மண்ணினுள் உள்ள நீர் உறைந்து விரிகிறது, வசந்தத்தில் உருகுகிறது. இவ்வாறு உறைந்தும் உருகியும் கட்டி மண் பொடிகிறது. சில சமயம் இளஞ்செடிகள் வேருடன் மேலே தூக்கப்படுவதும் உண்டு. அங்கே உறைபனி செய்யும் வேலையை விருதுநகர்க் கரிசலில் வெயிலும் முதல் மழையும் செய்கின்றன. கோடையிற் காய்ந்த பாளம் முதல் மழையில் உதிர்ந்து, சிறு சோளமணி அளவான பொடியாகி மேலே பரவுவதைக் குடியானவர் யாவரும் கண்டிருப்பர். இப்பொடியே புல்விதைக்குத் தொட்டில். அதைக் குளம்பால் மிதித்துச் சேறாக்கினால் அவ்வருஷத்துப் புல் போயிற்று.

பனி உருகி மண் சொதசொதவென்றிருக்கும் நாட்களில் களிநிலத்தில் மந்தையை விடலாகாது என்பது அத்தேசங்களில் மேய்ச்சல் நடத்துவோர் கற்ற முதற் பாடம். பனியென்பதை மழையென்று மாற்றிக்கொண்டால் அப்பாடம் கரிசலுக்கும் முற்றிலும் பொருந்தும்.

நிலத்தை அறியும் எளிய பரீட்சைகள்

மண் பரிசோதனை நிலையத்துக்கு மாதிரி அனுப்புவது சிறந்தது. அதற்கு முன்னரே நிலமுடையோர் தம் வயலிலேயே செய்து பார்க்கக்கூடிய பரீட்சைகள் சில உண்டு.

முதலாவது, களியின் அளவு. கைப்பிடி மண்ணை நீர்விட்டுப் பிசைந்து, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே நசுக்கி நாடாவாக நீட்டவேண்டும். நாடா உருவாகாமல் உதிர்ந்தால் மணல். 2 அங்குலம் வரை அறாமல் நீண்டால் களிமண். 3 அங்குலத்தையும் தாண்டினால் கனத்த களி.

இரண்டாவது, சுருக்கத்தின் அளவு. நன்கு பிசைந்த மண்ணை 10 சென்டிமீட்டர் நீளமுள்ள கோலாக உருட்டி நிழலிற் காயவிட வேண்டும். காய்ந்தபின் 9 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் அம்மண் மிகவும் பொங்கிச் சுருங்குவது என்று அறியலாம். அத்தகைய நிலத்தில் சம உயர வரப்புகள் நிலைப்பதில்லை. கோடையில் வரப்பு வெடித்து, மழைநீர் வெடிப்பு வழியே உடைத்துக்கொண்டு போகும். சிறு சாய்வுள்ள வரப்பு இட்டு, மிகுந்த நீரைப் புல் மூடிய வாய்க்கால் வழியே மெதுவாய் வெளியேற்றுவதே தக்கது.

மூன்றாவது, உவர்க்குற்றம். நெல்லிக்காயளவு உலர்ந்த கட்டியைத் தெளிந்த மழைநீருள்ள கண்ணாடித் தம்ளரில் அசைக்காமல் இடவேண்டும். கட்டி சிறு துண்டுகளாய் உதிர்ந்து, நீர் தெளிவாகவே நின்றால் குற்றமில்லை. கட்டியைச் சுற்றிப் பால் கலந்ததுபோல் நீர் கலங்கினால் சோடிய உப்பு மிகுதி என்பது அடையாளம். அந்நிலம் மழையில் மேலே பூசினாற்போல் மூடிக்கொள்ளும். விதை முளைத்து வெளிவராது. அதற்கு மண் பரிசோதனையிற் கண்ட அளவு ஜிப்சம் இட்டு, நீர் வடிய வழி செய்தல் வேண்டும். வடிகாலின்றி ஜிப்சம் இடுவது பயனற்றது. ஜிப்சத்தால் விடுபட்ட சோடியம் வெளியேற வழியின்றி அங்கேயே தங்கிவிடும்.

நான்காவது, ஆழம். வைகாசி மாதத்தில் பெரிய வெடிப்பில் ஒரு கம்பியை விட்டு அளந்தால் மண்ணின் ஆழம் ஒருவாறு விளங்கும். ஓரடிக்குள் சுக்கான் தட்டும் நிலத்தைப் பருத்திக்கு விடுவதினும் புல்லுக்கு விடுவதே இலாபம்.

மந்தையை நடத்தும் முறை

கரிசல் மேய்ச்சலில் முதல் விதி, ஈரத்தில் மிதிக்க விடாமை. மழைக்குப்பின் நிலத்தில் நடந்து பார்க்கும்போது கால்சுவடு ஓர் அங்குலத்துக்கு மேல் ஆழ்ந்தால் மந்தையை அன்று அங்கே விடலாகாது. ஈரக் களியைக் குளம்பு மிதிக்கும்போது மண்ணிலுள்ள காற்றுத் துளைகள் நசுங்குகின்றன; காய்ந்தபின் அது செங்கல்போல் இறுகும். புல்லின் வேர் அதனுள் இறங்காது. ஆட்டுக்கும் கேடு உண்டு. குளம்புப் பிளவில் ஒட்டிய களி ஈரம் வற்றாதிருந்து குளம்பழுகல் நோய்க்கு இடமளிக்கிறது. அந்நாட்களில் மந்தையைச் செம்மண் மேட்டிலோ சரளைத் தரையிலோ நிறுத்தி, சோளத்தட்டை, கம்பந்தட்டை, கடலைக்கொடி ஆகியவற்றை இட்டுக் காப்பது நலம். ஒவ்வொரு கிராமத்திலும் இத்தகைய மழைக்கால மேட்டுத் தரை ஒன்று ஒதுக்கப்படுமாயின் கரிசற் புல் பிழைக்கும்.

இரண்டாவது விதி, முதல் மழைக்குப்பின் ஓய்வு. பருவமழை தொடங்கி ஆறு அல்லது எட்டு வாரம் வரை புல் வளர்ந்து விதை கட்ட விடுதல் வேண்டும். வருஷமெல்லாம் முளை தலைகாட்டுமுன் கடிக்கப்படும் தரையில் நல்ல புற்கள் அழிந்து, ஆடு தொடாத பூண்டுகளும் ஊசிப்புல்லுமே மிஞ்சும். ஊசிப்புல்லின் முள்விதை ஆட்டின் தோலிற் குத்திப் புண்ணாக்குவதைக் கீதாரிகள் நன்கறிவர்.

மூன்றாவது விதி, பாதி மேய்ந்து பாதி நிற்க விடுதல். இதற்கு ஒரு கணக்கு உதவும். 25 கிலோ எடையுள்ள ஆடு நாளொன்றுக்குத் தன் எடையில் நூற்றுக்கு 3 பங்கு, அதாவது முக்கால் கிலோ உலர்தீனி கொள்ளும் என்றால், வருஷத்துக்குச் சுமார் 275 கிலோ ஆகிறது. ஓர் ஏக்கரில் வருஷத்துக்கு 1,000 கிலோ உலர்ந்த புல் விளையுமாயின், அதிற் பாதியாகிய 500 கிலோவே மேய்ச்சலுக்கு உரியது. எனவே அவ்வேக்கர் இரண்டு ஆடுகளைக்கூட முழுதும் தாங்காது. எஞ்சியதைத் தட்டையும் கொடியும் மரத்தழையும் நிரப்பவேண்டும். தம் நிலத்தில் ஒரு சதுர மீட்டர் புல்லை அறுத்து உலர்த்தி நிறுத்துப் பார்த்து, அதை 4,000-ஆற் பெருக்கினால் ஏக்கர் விளைவு ஏறக்குறையத் தெரியும். பல இடங்களில் ஒன்றுபோல் அறுத்துச் சராசரி காண்பது நன்று. இக்கணக்கைச் செய்யாமல் மந்தையைப் பெருக்குபவர், வறட்சி வருஷத்தில் ஆட்டையும் தரையையும் ஒருங்கே இழப்பர்.

தரையை நான்கு பாகமாகப் பிரித்து ஒவ்வொன்றாக மேய்ப்பது எளிய முறை. வேலி போடும் செலவு வேண்டியதில்லை. வரப்பும் மேய்ப்பவரின் கட்டுப்பாடும் போதும். தூத்துக்குடி, விருதுநகர் ஜில்லாக்களுக்குரிய வேம்பூர் ஆடு, வெண்மேனியிற் செம்பொட்டுகள் உடையது; இவ்வறண்ட பூமியில் நெடுந்தூரம் நடந்து மேய்ந்து பிழைக்கும் திறமுள்ளது. புற்றரைக்கு வேற்றூர் ஆடுகளைத் தேடவேண்டிய அவசியமில்லை.

அறுவடையான வயலில் கிடை போடும் பழக்கம் மிகச் சிறந்தது. ஆட்டெரு அந்த வருஷம், மாட்டெரு மறு வருஷம் என்பது அனுபவ மொழி. மக்கு குறைந்த கரிசலுக்குக் கிடை எருவே மலிவான மருந்து. அதனையும் மண் காய்ந்திருக்கும் மாசி முதல் ஆனி வரையிலேயே செய்தல் வேண்டும்.

தக்க புற்களும் பயறுகளும்

ஜான்சியில் 1962-இல் நிறுவப்பட்ட இந்தியப் புல்வெளி, தீவன ஆராய்ச்சி நிலையமும், கோயமுத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகமும் மானாவாரித் தீவனங்களைப் பற்றி ஆராய்ந்து வருகின்றன. 1901-இல் தொடங்கிய கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையம் கரிசல் விவசாயத்துக்கென்றே நெடுங்காலம் உழைத்துவருவது. அண்டை ஜில்லாவிலிருப்பதால் இங்குள்ளோர் எளிதிற் சென்று காணலாம்.

கொழுக்கட்டைப்புல் வறட்சியைத் தாங்குவதில் முதன்மையானது. காங்கேயம் பக்கத்துக் கொறங்காடுகளில் கிளுவை வேலிக்குள், வெள்வேல் மரங்களின் அடியில் இப்புல்லை வளர்த்துக் கால்நடைகளைக் காப்பது பிரசித்தம். அங்குள்ள நிலம் பெரும்பாலும் இளகிய சரளை மண். கனத்த கரிசலில் இப்புல் முளைப்பது சற்றுக் கடினம். ஆதலின் விதையை ஆழப் புதைக்காமல் அரை அங்குலத்துக்குள்ளாகவே தூவி, முட்செடியை இழுத்து மூடவேண்டும். ஏக்கருக்கு 3 கிலோ விதை போதும். அறுத்த புதுவிதை உறங்கும் இயல்புடையது; ஆறு மாதம் வைத்திருந்த விதையே நன்கு முளைக்கும்.

பயறு வகையில் முயல்மசால் இளகிய செம்மண்ணுக்கு ஏற்றது. கனத்த கரிசலில் அது சிறப்பதில்லை. கரிசலுக்கு வேலிமசாலும் சங்குப்பூவும் உகந்தவை. ஆஸ்திரேலியாவின் குவின்ஸ்லாந்திலும் கரிசலை ஒத்த வெடிக்கும் களிநிலங்கள் பெருவெளிகளாக உள்ளன. மிச்சல் புல் என்னும் அந்நாட்டுப் புல் அவற்றில் இயற்கையாய் வளர்கிறது. அத்தேசத்தின் களிநிலங்களில் புல்லுடன் கலந்து விதைக்க அவர்கள் தெரிந்தெடுத்த கொடிகளுள் ஒன்று சங்குப்பூவே. இங்கே வேலியோரங்களிற் கேட்பாரற்று நீலமாய்ப் பூத்துக்கிடக்கும் கொடி அங்கே மாடுகளைக் கொழுக்க வைக்கிறது. வேலிமசால், சங்குப்பூ விதைகளின் தோல் கடினமானது. கொதிக்க வைத்து இறக்கிய நீரிற் சில நிமிஷம் இட்டு, பின்பு குளிர்ந்த நீரில் ஓரிரவு ஊறவைத்து விதைத்தல் வேண்டும்.

நிழலுக்கும் காய்க்கும் நாட்டுக் கருவேலும், உயர்ந்த வரப்புகளில் வேம்பும் இடலாம். புதிதாய் விதைத்த தரையில் முதல் வருஷம் மந்தையை விடாமல், விதை உதிர்ந்தபின் அறுத்து எடுத்துச் செல்வதே முறை.

சீமைக்கருவேல்

தரிசாக விட்ட கரிசலை முதலிற் கைப்பற்றுவது சீமைக்கருவேல். கரிமூட்டம் போட்டுப் பிழைப்போர்க்கு இம்மரம் வருமானம் தருவது உண்மை, அதனை மறுப்பதற்கில்லை. ஆயினும் அதன் அடியிற் புல் வளர்வதில்லை. வயல் ஒருமுறை அதன் வசமாயின் திரும்பப் பெறுவது பெருஞ் செலவு. எனவே கரிக்கு விடும் நிலம் வேறு, புல்லுக்கு விடும் நிலம் வேறு என முன்னமே வகுத்துக்கொள்ள வேண்டும்.

வெட்டிவிடுவதால் இது அழியாது. அடிக்கட்டையினின்றும் பல கிளைகளாய்த் தழைக்கும். கரிசல் இளகியிருக்கும் கார்த்திகை மார்கழியில் இளங்கன்றுகளை வேருடன் பிடுங்குவது எளிது. கோடையில் அதே வேலைக்குக் கடப்பாரையும் இயந்திரமும் வேண்டும். மற்றொரு செய்தியும் கவனிக்கத்தக்கது. இதன் இனிப்பான நெற்றுகளை ஆடுமாடுகள் விரும்பித் தின்னும். உள்ளிருக்கும் விதை செரிக்காமல் சாணத்துடன் வெளியேறி முளைக்கிறது. நெற்று மேய்ந்த மந்தையை உடனே புதுப் புற்றரைக்கு ஓட்டுபவர், தம் கையாலேயே அவ்விதையை விதைத்தவராவர். நெற்றுகளை இடித்துப் பொடியாக்கித் தீவனத்திற் கலந்து கொடுத்தால் சத்தும் கிடைக்கும், விதையும் அழியும்.

கிராம அதிகாரிகள் கவனிக்கவேண்டியவை

தனியார் நிலத்தைத் தவிர, கிராமந்தோறும் மேய்க்கால் புறம்போக்கு என்று ‘அ’ பதிவேட்டிற் கண்ட தரைகள் உண்டு. 1994-ஆம் வருஷத்திய தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி மேய்ச்சல் தரைகள் ஊராட்சியின் பொறுப்பில் உள்ளன. கிராமப் பொதுநிலங்களின் ஆக்கிரமிப்பை அகற்றி ஊராரிடம் திரும்ப ஒப்படைக்க மாநில அரசுகள் திட்டம் வகுக்கவேண்டும் என்று 2011 ஜனவரியில் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. ஆகையால் பதிவேட்டிற் கண்ட பரப்பு தரையிலும் உள்ளதா என்று அளந்து பார்த்தலும், ஆக்கிரமிப்பு கண்டால் தாமதமின்றி மேலிடத்துக்கு அறிக்கை செய்தலும் கிராம நிர்வாக அலுவலரின் கடமையாகும். அடங்கலில் வெறும் தரிசு என்று எழுதி விடாமல், புல் தரை எவ்வளவு, முட்காடு எவ்வளவு என்று நேரிற் கண்டு அறிந்து வைத்தால், ஊராட்சி எத்திட்டம் வகுப்பினும் அக்குறிப்பு உதவும். நிலமற்ற ஏழைகளின் ஆடுகளுக்கு இப்பொதுத் தரையே ஆதாரம் என்பதை மறக்கலாகாது.

கண்மாய்க் கரம்பையை எடுத்து வயலில் இடுவது நல்ல வழக்கம். ஆனால் கரிசற் கண்மாயின் கரம்பையும் களியே. அதனைக் கரிசலில் இடுவதினும், மேற்கேயுள்ள மணற்பாங்கான செம்மண்ணில் இடுவதே மிகுந்த பயன் தரும். செம்மண்ணுக்குக் குறைவாயுள்ள நீர்ப்பிடிப்பும் சத்தும் அதனாற் கூடும்.

சிவகாசி, வெம்பக்கோட்டை, சாத்தூர் சுற்றுப்புறங்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை உண்டு. பட்டாசு ஆலைகளுக்கு அருகே காய்ந்த புல் நிற்பது பெரும் அபாயம். அவ்விடங்களிற் புற்றரை அமைப்பதானால், ஆலையின் எல்லையிலிருந்து போதிய தூரம் விட்டே அமைத்தல் வேண்டும். இடையே அகலமான உழவுப் பட்டை ஒன்றைப் புல்லின்றி எப்போதும் வைத்திருக்க வேண்டும். தை மாசியிலேயே புல்லை அறுத்து, உலர்த்தி, ஊர்ப்பக்கம் கொண்டுவந்து போராக அடுக்கிவிட வேண்டும். கோடையிற் புதுத்தளிர் வரட்டுமென்று தரைக்குத் தீ வைக்கும் வழக்கத்தை இப்பகுதியில் அடியோடு விடுதல் அவசியம். அறுத்த புல் பஞ்சகாலத்துக்கு வைப்பு நிதியாகவும் ஆகும்.

தொடங்கும் வகை

பத்து ஏக்கர் கரிசலைத் தரிசாக வைத்திருப்பவர் அனைத்தையும் ஒரே வருஷத்திற் புற்றரையாக்க முயலவேண்டியதில்லை. அவற்றுள் ஆழங்குறைந்த, சுக்கான் தட்டும், சாய்வான ஓர் ஏக்கரைத் தெரிந்தெடுப்பாராக. மேற்கூறிய பரீட்சைகளை அதிற் செய்து, ஆவணியில் முட்செடிகளைக் களைந்து, புரட்டாசியில் முதல் மழைக்கு முன் புல்லும் சங்குப்பூவும் கலந்து விதைப்பாராக. முதல் வருஷம் அறுத்தும், இரண்டாம் வருஷம் காய்ந்த நாளில் மட்டும் மேய்த்தும், எத்தனை ஆடு எத்தனை நாள் மேய்ந்தது என்பதைக் குறித்து வைப்பாராக. ஆழமான நல்ல கரிசலைப் பருத்திக்கும் சோளத்துக்கும் பயறுக்குமே வைத்துக்கொள்ளலாம். மூன்றாம் வருஷம் அப்புற்றரையை உழுது சோளம் விதைத்தால், புல்வேர் மக்கிய மண்ணில் ஏர் எவ்வளவு இலகுவாய் ஓடுகிறது என்பதைக் கையே உணரும்.

கரிசல் பொறுமையுள்ளோர்க்குப் பலன் தரும் மண். ஈரத்தில் அதனைத் தொடாமலும், காய்ச்சலில் அதனைப் பட்டினி போடாமலும், வேரும் எருவும் கொடுத்து வருபவரின் நிலத்தில் மழை குறைந்த வருஷத்திலும் ஒரு மந்தைக்குப் புல் இருக்கும். ஆலையில் கூலி குறையும் மாதங்களிலும் அம்மந்தை வீட்டைத் தாங்கும்.